முதலில் கிடங்கின் ஆழத்தைக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, ஸ்காபரோவில் 1989இல் கட்டிய செங்கல் வீடு எங்களுடையது. பின்வளவு வேலியின் தூண்கள் சில வருடங்களாக மேலே கிளம்பிக்கொண்டு வந்தன. போன மாரிக் காற்றில் வேலி சாய்ந்தே விட்டது. பின்பக்கம் 40 அடி, ஒரு பக்கம் 72 அடி புதிதாகப் போட வேண்டும். அதோடு, பின்கதவு தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருப்பதால் அங்கே 12க்கு 16 அடியில் ஒரு டெக், அதாவது மரத்தளம், கட்டவும் எண்ணம். மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் ஊர்க்காரர். மற்ற இருவரையும்விட நாலாயிரம் டொலர் குறைத்துச் சொல்கிறார். காசாகத் தந்தால் வரி இல்லையாம், பெர்மிற் தேவையில்லையாம், பாதிக் காசு முன்பணமாம். மற்ற இருவரில் ஒருவர் மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த கொம்பசிற் பலகை நல்லது என்கிறார், அடுத்தவர் சீடர் மரம் என்கிறார். எதைத் தெரிவு செய்வது? பக்கத்து வீட்டுக்காரரிடம் பாதிச் செலவு கேட்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: கொம்பசிற்றா சீடரா என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் பழைய வேலி சாய்ந்தது பலகையால் அல்ல, தூண் கிளம்பியதால். மூன்று எஸ்ரிமேற்றுக்கும் இடையிலுள்ள அந்த நாலாயிரம் டொலரில் பெரும்பங்கு மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். அங்கே என்ன போகப்போகிறது என்று மூவரும் எழுத்தில் தரட்டும். அதற்குப் பிறகுதான் விலைகளை ஒப்பிட முடியும்.

ரொறன்ரோவில் உறைபனி இறங்கும் ஆழத்தை 1.2 மீற்றர், அதாவது 4 அடி என்று கட்டட வேலையில் கணக்கெடுக்கிறார்கள். அதற்கு மேலேயுள்ள ஈரமண் உறையும்போது ஐஸ் படலங்கள் தடித்து மண் மேல்நோக்கி வீங்கும். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் களிமண்ணில் இது இன்னும் மோசம். 2 அடிக் கிடங்கில் நட்ட தூணை, சுற்றியுள்ள கொங்கிறீற்றோடு சேர்த்து அந்த மண் தூக்கும். வசந்தத்தில் மண் இளகினாலும் தூண் பழைய இடத்துக்குத் திரும்பாது. அடியில் உண்டான வெற்றிடத்தில் மண் சரிந்து நிரம்பியிருக்கும். அடுத்த மாரியில் இன்னும் கொஞ்சம் தூக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்குப் போதும். எஸ்ரிமேற்றில் 6 அடி வேலிக்கு 8 அடித் தூண் என்று இருந்தால், மண்ணுக்குள் போக மிஞ்சுவது 2 அடிதான். 4 அடி இறக்க வேண்டுமென்றால் 10 அடித் தூண் வேண்டும். 8 அடித் தூணுக்கும் 10 அடித் தூணுக்கும் விலையில் வித்தியாசம் அதிகமில்லை. உண்மையான வித்தியாசம் கிடங்கு தோண்டும் கூலியில்தான். வேரும் கல்லும் கிடக்கும் வளவில் மூன்றாவது அடிக்குப் பிறகுதான் முறிய முறிய வேலை.

தூண்களை 8 அடிக்கு ஒன்றாக வைத்தால் பின்பக்கம் 5 பகுதி, பக்கவாட்டில் 9 பகுதி, மூலைத் தூண் பொது என்பதால் மொத்தம் 15 தூண்கள். படலை வைத்தால் இன்னும் ஒன்று. காற்று நேரே அடிக்கிற திறந்த வளவு என்றால் 6 அடிக்கு ஒன்று நல்லது. இடைவெளியில்லாத பலகை வேலி காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. 10 அங்குல அகலக் கிடங்கு, அடியில் 6 அங்குலம் சல்லி, அதற்கு மேல் கொங்கிறீற் என்றால் ஒரு கிடங்குக்கு 30 கிலோ மூட்டை மூன்றரை வரை போகும். 15 தூணுக்கு ஏறத்தாழ 50 மூட்டை. வேலை தொடங்கும் அன்று வளவில் 15 மூட்டைதான் இறங்கியிருக்கிறது என்றால், தூணுக்கு ஒன்று என்று எண்ணியிருக்கிறார்கள். கிடங்குகளை மூடுவதற்கு முன் அளவுநாடாவை நீங்களே இறக்கிப் பாருங்கள்.

ஆழம் சரியாக இருந்தும் தூண் கிளம்புவதுண்டு. கிடங்கின் வாய் அகன்று, கொங்கிறீற் மேலே காளான் குடை மாதிரிப் பரந்துவிட்டால் உறையும் மண் அந்தக் குடையின் அடியைப் பிடித்துத் தூக்கும். ஆகையால் கிடங்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக, முடிந்தால் அடியில் சற்று அகலமாக இருக்க வேண்டும். தூணின் அடிநுனி சல்லியில் நிற்க வேண்டும். கொங்கிறீற் கிண்ணத்துக்குள் நின்றால் தண்ணீர் வடியாமல் உக்கிப்போகும். கொங்கிறீற்றின் மேல்முகத்தைத் தூணிலிருந்து வெளிப்பக்கம் சரித்து விடச் சொல்லுங்கள். படலை தொங்கும் தூண் மட்டும் 4×4 அங்குலம் அல்ல, 6×6 ஆக இருக்கட்டும்.

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துக்கொள்வது சட்டப்படி கட்டாயம். இலவசம். குறைந்தது 5 வேலைநாள் முன்பே கேட்க வேண்டும், வசந்த காலத்தில் இன்னும் முன்பாகவே. மஞ்சள் குறி எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைத்தொடர்பு, நீலம் தண்ணீர், பச்சை கழிவுநீர். குறிக்கு அருகே 1 மீற்றருக்குள் இயந்திரம் வேண்டாம், கையால்தான் தோண்ட வேண்டும். முன்பு இருந்தவர் கராஜுக்கோ பாபிக்யூவுக்கோ தனியாக இழுத்த கம்பியையும் குழாயையும் இந்தச் சேவை குறிக்காது. அதற்குத் தனியாரைத்தான் பிடிக்க வேண்டும். வேலி ஓடும் வழியில் பெரிய மரம் நின்றால் இன்னொன்றும் உண்டு: 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ உள்ள மரத்தின் வேரை ரொறன்ரோ மாநகரசபையின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. அது பக்கத்து வளவு மரமாக இருந்தாலும் அப்படித்தான்.

இனிப் பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் கதியாலை இரவோடிரவாக ஒரு முழம் தள்ளி நட்ட கதைகளும், அது நீதிமன்றம்வரை போன கதைகளும் எல்லாருக்கும் தெரியும். இங்கே நடப்பது பெரும்பாலும் யாரும் நினைத்துச் செய்வதல்ல. பழைய வேலி நின்ற கோடுதான் எல்லை என்று எண்ணிப் புதிய வேலியையும் அதிலேயே போடுகிறார்கள். பழைய வேலி எல்லையில் நின்றது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வீடு வாங்கியபோது கிடைத்த சர்வே வரைபடத்தைத் தேடுங்கள். மூலைகளில் புதைத்த இரும்புக் கம்பிகள் கிடைக்காவிட்டால் ஒன்ராறியோ நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லையைக் குறியுங்கள். செலவுதான், ஆனால் 72 அடி வேலியைக் கழற்றி மறுபடி போடும் செலவு அதைவிடக் கூட.

பாதிச் செலவைக் கேளுங்கள், தவறில்லை. பழைய வேலியைக் கழற்றுவதற்கு முன் கேளுங்கள். சம்மதித்தால் உயரம், பொருள், கோடு, அவருடைய பங்குத் தொகை நாலும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அவர் மறுத்தாலும் எல்லை வேலியின் செலவைப் பங்கிடுவதற்கு விதிகள் உண்டு. ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட வேலியின் விலையில் பாதி சட்டத்தால் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒத்துவராத இடத்தில் வேலியை, கொங்கிறீற் உட்பட முழுவதும், உங்கள் பக்கத்துக்குள் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். பின்வளவில் 2 மீற்றர் உயரம்வரை போகலாம். நீச்சல் தடாகம் இல்லையென்றால் வேலிக்குப் பெர்மிற் தேவையில்லை. அந்த அளவில் ஊர்க்காரர் சொன்னது சரி.

டெக்குக்கு அவர் சொன்னது சரியில்லை. தரையிலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த டெக்குக்குப் பெர்மிற் வேண்டும். உங்களுடையது 90 சென்ரிமீற்றர். பெர்மிற் இல்லாமல் கட்டினால் மாநகரசபையின் கடிதம் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான் வரும், கட்டியவருக்கு அல்ல. வீடு விற்கும்போதும் இது கிளம்பும். பெர்மிற்றால் உங்களுக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு: கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன் பரிசோதகர் வந்து கிடங்கைப் பார்ப்பார். உங்களுக்காக ஆழம் அளக்க ஓர் ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வேண்டாமென்று சொல்லும் ஒப்பந்தக்காரர் எதைக் காட்ட விரும்பவில்லை என்று யோசியுங்கள்.

உங்கள் வீடு 1989இல் கட்டியது என்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தக் காலச் செங்கல் வீடுகளில் பெரும்பாலும் செங்கல் ஒரு வரிப் போர்வைதான். பாரத்தைத் தாங்குவது உள்ளேயுள்ள மரச்சட்டம். செங்கல்லின் அடிவரியில் இடையிடையே சாந்து வைக்காத செங்குத்து இடைவெளிகள் தெரிந்தால் அது போர்வைச் செங்கல். அதில் துளைத்து டெக்கின் தாங்குபலகையைப் பூட்டக்கூடாது. செங்கல் பாரத்தால் வெளியே இழுபடும், துளை வழியே தண்ணீரும் உள்ளே போகும். டெக் இடிந்து விழும் விபத்துகளில் முதல் குற்றவாளி பெரும்பாலும் இந்தப் பூட்டுத்தான். உங்களுக்கு நான் சொல்வது தனியே நிற்கும் டெக்: வீட்டோரமாக ஒரு விட்டம், வெளிப்பக்கமாக ஒரு விட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று தூண்கள். தூண்கள் 6×6, விட்டம் 2×10 மூன்றை ஒட்டியது, குறுக்குச் சட்டங்கள் 2×8 பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக 13. வீட்டைப் பிடித்து நிற்காததால் ஆடாமலிருக்க மூலைவிட்டத் தாங்கிகளும் வேண்டும்.

அடித்தளத்தில் இன்னொரு கணக்கு. வெளி விட்டத்தின் நடுத்தூண் தாங்குவது ஏறத்தாழ 8 அடிக்கு 6 அடி, 48 சதுர அடி. ஆட்கள், பொருட்கள், டெக்கின் சொந்தப் பாரம் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 50 இறாத்தல் என்றால் 2,400 இறாத்தல். 12 அங்குல மட்டைக் குழாயில் ஊற்றிய கொங்கிறீற்றின் அடிப்பரப்பு முக்கால் சதுர அடியைவிடச் சற்றுத்தான் கூட. அப்படியானால் மண்ணின்மேல் சதுர அடிக்கு மூவாயிரம் இறாத்தல் விழும். பரிசோதிக்காத களிமண்ணுக்கு வழக்கமாக எடுப்பது 1,500. குழாய் 4 அடி இறங்கியிருந்தும் டெக் ஒரு பக்கம் தாழ்வது இதனால்தான். குழாயின் அடியில் 20 அங்குலத்துக்குக் குறையாத அகன்ற பாதம் வைக்கச் சொல்லுங்கள். வீட்டோரத் தூண்களுக்கு இதுகூடப் போதாது. அத்திவாரம் கட்டியபோது தோண்டி நிரப்பிய மண் அது. எத்தனை வருடமானாலும் இறங்கும். அங்கே இரும்புத் திருகுத்தூண்கள், ஹெலிக்கல் பைல் என்பார்கள், சிறந்தவை. இயந்திரத்தால் திருகி இறக்கும்போதே எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளந்துவிடலாம். ஆறையுமே அப்படிப் போட்டால் தோண்டிய மண்ணை அள்ளும் வேலையும் இல்லை, கொங்கிறீற் காயக் காத்திருக்கும் வேலையும் இல்லை. விலை கூடினாலும் உங்கள் இடத்துக்கு நான் அதைத்தான் விரும்புவேன்.

கைப்பிடித் தடுப்பு இந்த உயரத்துக்குக் கட்டாயம்: 900 மில்லிமீற்றர் உயரம், இடைவெளிகளில் 100 மில்லிமீற்றர் உருண்டை நுழையக்கூடாது. படிகள் ஒன்றின் உயரம் 200 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு 180 வீதம் ஐந்து வரும். எல்லாம் ஒரே உயரம், பக்கத்தில் கைபிடி.

இப்போது பலகை. கொம்பசிற் போட்டாலும் சீடர் போட்டாலும் அடியிலுள்ள சட்டம் மருந்தூட்டிய சாதாரண மரம்தான். அது உக்கினால் மேலே எவ்வளவு விலையுயர்ந்த பலகை இருந்தும் பயனில்லை. மரத்தின் நுனியில் அடித்திருக்கும் சிட்டையைப் படியுங்கள்: மண்ணைத் தொடும் தூணுக்கு யூசி 4.1 என்ற வகை இருக்க வேண்டும். வேலிப் பலகைக்கான மருந்தளவு தூணுக்குப் போதாது. நம் மரக்காலைகளில் வரும் ஸ்புரூஸ் மரத்தில் மருந்து உள்ளே ஆழமாக ஊறாது, வெளித்தோலில்தான் நிற்கும். எனவே வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் உக்காமல் காக்கும் செப்பு நப்தனேற் என்ற மருந்தைப் பூச வேண்டும். வெட்டிய நுனி மண்ணுக்குள் போகவே கூடாது. வேலை நடக்கும்போது அந்தப் பூச்சுத் தகரம் வளவில் கண்ணில் பட வேண்டும். இன்றைய மருந்துகளில் செம்பு அதிகம். அது சாதாரண மெல்லிய நாகமுலாம் ஆணியைத் தின்றுவிடும். ஹொட் டிப் முறையில் நாகம் பூசிய ஆணிகளும் இரும்புத் தாங்கிகளும் வேண்டும். தாங்கிகளின் துளைகளுக்கு அதற்கென்றுள்ள ஆணிகளைத்தான் அடிக்க வேண்டும். டெக் பலகைக்கான திருகாணியைப் பூட்டினால், பக்கவாட்டு இழுவையில் அது வளையாமல் முறிந்துவிடும்.

சீடர் அழகு, மணம், லேசு. மண்ணுக்கு மேலே மட்டும். அதற்குத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போடாவிட்டால் கறுப்புக் கோடு வழியும். பூச்சு அடிக்காமல் விட்டால் சாம்பல் நிறமாகும். அதைக் கெடுதல் என்று எண்ண வேண்டாம். கொம்பசிற்றுக்குப் பூச்சு வேலை இல்லை, சிலாம்பு ஏறாது. ஆனால் கோடை வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாத அளவு சுடும், முக்கியமாகக் கடும் நிறங்கள். வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். உற்பத்தியாளர் சொன்ன இடைவெளி விடாவிட்டால் முனைகள் முட்டித் தூக்கும். 25 வருட உத்தரவாதம் என்பதில் பலகை மட்டுமா, கழற்றிப் பூட்டும் கூலியுமா என்று படியுங்கள். உங்கள் டெக் தெற்கே பார்த்து நிழலில்லாமல் இருந்தால், காசு மட்டானால், மருந்தூட்டிய பலகையே போதும் என்பேன். மிச்சக் காசைத் திருகுத்தூணில் போடுங்கள். 16 அடிப் பலகை 26 வேண்டும், கழிவுக்கு இன்னும் இரண்டு மூன்று, திருகாணி ஏறத்தாழ 700. ஈரமாக வரும் பலகையை நெருக்கமாகவே அடிக்கலாம், காய்ந்து தானே இடைவெளி விடும். வைனைல் என்ற பிளாஸ்ரிக் வேலி வேண்டாம். கடுங்குளிரில் ஒரு ஹொக்கிப் பந்து பட்டாலே வெடித்துப்போகலாம்.

ஊர்க்காரர் விடயம். அவரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, மேலே சொன்ன அத்தனையையும் எழுதி அதே விலையைத் தருகிறாரா என்று கேளுங்கள். எழுதும்போது விலை ஏறினால் முன்பு எது விடுபட்டிருந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பற்றுச்சீட்டில்லாக் காசு வேலையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது 13 சதவீத வரி. அதற்கு விலையாக, இன்ன வேலையை இன்ன விலைக்கு ஒப்புக்கொண்டார் என்று நிறுவும் ஆதாரத்தைக் கைவிடுகிறீர்கள். எழுதிய ஒப்பந்தத்தில் எஸ்ரிமேற் இருந்தால், நீங்கள் புதிதாக ஒப்புக்கொண்ட மாற்றம் இல்லாமல் முடிவு விலை அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற ஒன்ராறியோச் சட்டம் விடாது. உங்கள் வீட்டில் வைத்துக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம். காப்புறுதிச் சான்றிதழை அவருடைய காப்புறுதி முகவரிடமிருந்து நேரடியாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேலையில் காயப்படும் தொழிலாளருக்கான மாகாணக் காப்புறுதியான டபிள்யூஎஸ்ஐபி அத்தாட்சியும், வீடு திருத்துபவருக்கான மாநகரசபை உரிமமும் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் அவர் போட்ட வேலி ஒன்றின் முகவரி வாங்கி, மார்ச் மாதத்தில் போய்த் தூண்களின் தலைகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா பாருங்கள். போன கோடையில் முடித்த வேலையின் படங்களால் பயனில்லை.

பாதிக் காசு முன்பணம் வேண்டாம். ஒப்பந்தத்தில் 10 சதவீதம், பொருட்கள் உங்கள் வளவில் இறங்கியதும் அவற்றின் விலை, அடித்தளப் பரிசோதனை முடிந்ததும் ஒரு பகுதி, சட்டம் முடிந்ததும் ஒரு பகுதி. கடைசி 10 சதவீதத்தை வேலை முடிந்து 60 நாள் பிடித்து வையுங்கள். இது அவரை நம்பாததால் அல்ல, கட்டுமானச் சட்டம் வீட்டுச் சொந்தக்காரரைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. ஒப்பந்தக்காரர் மரக்காலைக்குக் காசு கொடுக்காவிட்டால், நீங்கள் அவருக்கு முழுவதும் கொடுத்திருந்தாலும் மரக்காலை உங்கள் வீட்டின்மேல் உரிமை கோரிப் பதிவு செய்யலாம். அந்தச் சமயத்தில் பிடித்து வைத்த தொகைதான் உங்களைக் காப்பாற்றும்.

பழைய தூண்களையும் அவற்றின் கொங்கிறீற் கட்டிகளையும் கிளப்பி எடுத்துக் கொண்டுபோவது யார் வேலை என்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எழுதாவிட்டால் தூணை மண்மட்டத்தில் அறுத்துவிட்டுப் புதியதைப் பக்கத்தில் நட்டுவிடுவார்கள். உங்கள் வேலி 2004க்கு முன் போட்டதென்றால் அந்த மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்க வாய்ப்பு அதிகம். அதை எரிக்க வேண்டாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கட்ட நல்ல பலகை என்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.